கேஸ் மேடம் நடத்திய ஓட்டுநர் கேஸ்

கேஸ் மேடம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் கல்லூரியில் மிகக் குறைவு. வகுப்பறையில் மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி உண்டு. பதினாறு வருடமாக அது அவளுடைய கைப்பையைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் அறையில் டீ குடிப்பதுகூட ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தபடிதான். "உன் காலில் சக்கரம் கட்டித்தான் பெத்தாங்களா?" என்று கல்யாணமான முதல் மாதமே கணவர் கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு, பாவம், அவரும் பின்னாலேயே நடக்கப் பழகிக்கொண்டார்.

பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எல்லோரையும் போல உயிரியல் நோட்ஸை வாசித்து எழுதவைத்தவள்தான். ஒரு வருடம் விடுதியில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் கொசுவின் வாழ்க்கைப் பருவங்களைப் படத்தோடு எழுதி எல்லோரும் மதிப்பெண்ணை அள்ளியிருந்தார்கள். அவள் நேரே வகுப்பைக் கிளப்பிக்கொண்டுபோய் விடுதிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காட்டினாள். "என்ன தெரியுது?" என்றாள். "ஏதோ பூச்சி மேடம்" என்றார்கள். படத்தில் அழகாகப் பாகம் குறித்தவர்களுக்கு, தொட்டியில் தலைகீழாகத் தொங்கி நெளிந்தவை அதே கொசுப்புழுக்கள் என்று தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் பிள்ளைகள்மேல் இல்லை. தன்மேல்தான்.

அதிலிருந்து நோட்ஸ் போயிற்று, கேஸ் வந்தது. நடந்த ஒரு சம்பவத்தை நான்கைந்து தாள்களாகப் பிரித்து எழுதுவாள். ஒரு தாளைப் பிள்ளைகள் அலசி முடித்த பிறகுதான் அடுத்த தாள் கைக்கு வரும். கடைசிப் பக்கத்தில், உண்மையில் என்ன ஆனது என்று இருக்கும். தொட்டிதான் முதல் கேஸ். கொசு உயிரியல். ஆனால் தொட்டியில் எத்தனை லிட்டர், எவ்வளவு மருந்து என்பது வேதியியல். தொட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது நிர்வாகம். சுத்தம் செய்கிறவர் ஏன் வேலையை விட்டுப் போனார் என்பது பொருளாதாரம். உயிர் என்ன ஒரே பாடப் புத்தகத்துக்குள்ளா குடியிருக்கிறது என்று சொல்லி, இயற்பியலிலிருந்து இரண்டு பேர், பொருளாதாரத்திலிருந்து இரண்டு பேர் என்று பக்கத்துத் துறைப் பிள்ளைகளையும் இழுத்து வந்து உட்காரவைத்தாள். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, என் எலிப்புழுக்கைங்க எதுக்கும்மா காயணும்?" என்று இயற்பியல் ஆசிரியர் தன் பிள்ளைகளையே சொல்லி நொந்துகொண்டார். துறைத் தலைவருக்கு வேறு கவலை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பரீட்சையில கேஸ் வராதேம்மா" என்பார். பரீட்சையில் பிள்ளைகள் கூடுதலாகவும் வாங்கவில்லை, குறைவாகவும் வாங்கவில்லை. ஆகவே அவளைத் திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் மனம் வரவில்லை.

'கேஸ்' என்ற சொல் நம்மிடம் படும் பாடு தெரியும்தானே. மேடம் கோர்ட்டுக்கு அலைகிறார் என்றுதான் வாசல் காவலாளி வெகுநாள் நினைத்திருந்தார். "நாளைக்கு ரெண்டு கேஸ் வச்சிருக்கேன்" என்று அவள் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு எதுக்கு, ஒண்ணை எங்க வீட்டுக்கு அனுப்பு, அடுப்பு அணையப் போகுது" என்றாள் அண்ணி. இந்தச் சிரிப்பெல்லாம் அண்ணனுக்கு உண்மையான கேஸ் வருகிறவரைக்கும்தான்.

அண்ணன் பஸ் ஓட்டுநர். அவளைவிட ஐந்து வயது மூத்தவன். தடித்த கழுத்து, தடித்த குரல், வாயைத் திறந்தால் கேலி. இருபத்திரண்டு வருடமாக ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அப்படிப்பட்டவன் ஓட்டிய பஸ் ஒரு நாள் காலை பத்தே கால் மணிக்கு, நேர் ரோட்டில், மழையில்லாத வெளிச்சத்தில், மெல்ல இடப்பக்கம் ஒதுங்கிப்போய் ஒரு மரக்கடைச் சுவரில் மோதி நின்றது. பதினோரு பேருக்குக் காயம். ஒரு பெரியவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அண்ணனின் ரத்தத்தில் மதுவும் இல்லை, போனும் பைக்குள்ளேதான் இருந்தது. "பிரேக் பிடிக்கல" என்று அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தான். அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அன்று காலை பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட மெக்கானிக்கையும் கூடவே நிறுத்திவைத்தார்கள். மோதியதில் பிரேக் குழாய்கள் நசுங்கியிருந்ததால் பிறகு சோதித்தும் எதுவும் உறுதியாகவில்லை. விசாரணைக்கு ஒரு மாதம் கழித்து வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். பிரேக்கில் குற்றம் என்றால் அண்ணனுக்கு ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்கும். கவனக்குறைவு என்றால் வேலை போய்விடும்.

தங்கையிடம் மட்டும் அவன் வேறொன்று சொல்லியிருந்தான். "கண்ணைச் சிமிட்டினேன்மா. திறந்தா சுவர் நிக்குது." அதைச் சொன்னபோது அவன் முகத்தில் கேலி இல்லை. ஆனால் அந்தப் பேச்சை அவள் காதில் போட்டுக்கொண்டாளே தவிர மனதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் தவறு செய்திருக்க மாட்டான், அவ்வளவுதான். வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஒரு வாரம் நடந்தாள். எட்டாம் நாள் காலை, சும்மா இருக்க முடியாத அந்தப் புத்தி ஒரு வழி கண்டுபிடித்தது. இதையே கேஸாக எழுதி வகுப்பில் கொடுத்தால் என்ன? ஐம்பது இளம் மூளைகள் அலசினால் அதிகாரிகள் பார்க்காத ஓட்டை ஏதாவது கிடைக்காதா? அதை எடுத்துக்கொண்டுபோய் விசாரணையில் வைக்கலாம்.

பஸ்ஸை லாரியாக்கினாள். சுவரைப் பாலத்துத் தூணாக்கினாள். முதல் தாளில் விபத்து, இரண்டாவதில் ஓட்டுநரின் வேலை நேர அட்டவணை, மூன்றாவதில் ரோட்டின் படமும் அளவுகளும், நான்காவதில் வீடு. வீட்டுத் தாளைக் கொஞ்சம் கலகலப்பாக எழுதினாள். மனைவி ஆறு வருடமாகக் கூடத்தில் படுக்கிறாள், காரணம் கேட்டால் 'அவர் படுத்த பிறகும் வண்டி ஓட்டுகிறார்' என்கிறாள் என்று அண்ணியின் பழைய நகைச்சுவையை அப்படியே சேர்த்தாள். அண்ணனின் குறட்டை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பொதுச் சொத்து. அதைச் சொல்லிச் சிரிக்காத கல்யாண வீடு கிடையாது. கடைசிப் பக்கத்தையும் முன்கூட்டியே தட்டச்சு செய்துவிட்டாள். 'பிரேக் பழுது. ஓட்டுநர்மீது தவறில்லை.' பதினாறு வருடத்தில் முடிவை முதலில் எழுதிவிட்டுக் கேஸை நடத்தியது அதுவே முதல்முறை. ஊருக்கெல்லாம் 'முடிவோடு உள்ளே வராதீங்க' என்று சொல்கிறவள்தான்.

விசாரணைக்குப் பத்து நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வகுப்பு நடந்தது.

பிள்ளைகள் நன்றாகவே வேலை செய்தார்கள். இயற்பியல் பையன் ரோட்டுப் படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டான். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகம், நான்கு நொடி, ஐம்பத்தைந்து மீட்டர். நான்கு நொடி அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை என்றான். பொருளாதாரப் பெண் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "முந்தின நாள் எட்டு மணி நேரம் தூங்க டைம் இருந்திருக்கு மேடம். வேலைச்சுமைன்னு சொல்ல முடியாது" என்றாள். கேஸ் மேடம் பெஞ்சுகளுக்கு நடுவே வேகமாக நடந்துகொண்டே, "பிரேக்கை மறந்துட்டீங்களே, பிரேக்கைப் பத்திப் பேசுங்க" என்றாள்.

மூன்றாம் பெஞ்சில், எப்போதும் கேட்டால் மட்டும் பேசுகிற ஒரு பெண் எழுந்தாள். "ஹாரன் அடிச்சாரா மேடம்?"

"என்ன?"

"பிரேக் பிடிக்கலன்னா டிரைவர் கையைக் கட்டிக்கிட்டு இருப்பாரா? ஹாரனை விடாம அடிப்பாரு. கியரைக் குறைப்பாரு. ஸ்டீயரிங்கை ஒடிப்பாரு. உங்க தாள்ல, வண்டி சத்தமில்லாம மெல்ல ஒதுங்குச்சுன்னு போட்டிருக்கு."

அதை எழுதியவள் அவளேதான். பயணிகள் பேப்பர்காரர்களிடம் சொன்னது அப்படி. எழுதும்போது கண்ணில் படாத வாக்கியம் இப்போது பலகையில் பெரிய எழுத்தில் எழுதியதுபோல் நின்றது. அவள் பதில் யோசிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. அவனுக்கு வகுப்பில் 'தூக்கம்' என்றே பெயர். மதியம் இரண்டு மணிக்கு மேல் அவன் விழித்திருந்தால் அன்று கல்லூரிக்கு விடுமுறை என்று அர்த்தம்.

"மேடம், அந்தக் குறட்டை நடுவுல நின்னு நின்னு வருமா?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "எங்க மாமாவுக்கு அப்படித்தான். தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சே நின்னுடும். உடம்பு உலுக்கி எழுப்பும், திரும்பத் தூங்குவாரு. எட்டு மணி நேரம் படுத்திருப்பாரு, ஆனா தூங்கவே இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. பகல்ல பேசிக்கிட்டே கண்ணு சொருகும். சொருகினதே அவருக்குத் தெரியாது."

கேஸ் மேடம் நின்றுவிட்டாள். நடு வகுப்பில், நடு வழியில். "அது தாள்ல இல்ல. விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று பத்து நிமிடம் முன்னதாகவே வகுப்பை முடித்தாள். மூச்சுக்குழலைப் பற்றி ஆண்டுக்கு இரண்டு முறை பாடம் நடத்துகிறவளுக்கு, இருபது வருடமாகக் கேட்டுச் சிரித்த சத்தம் என்னவென்று தெரியவில்லை. தொட்டிக்குள் பூச்சி பார்த்த பிள்ளைகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தன்னைத்தானே வைதுகொண்டாள்.

ஹாரனைப் பற்றிக் கேட்ட பெண் எல்லோரும் போனபிறகும் நின்றாள். "மேடம், அது லாரி இல்லைதானே? பஸ்தானே?"

கேஸ் மேடம் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

"அந்த பஸ்ஸுக்கு பிரேக் பார்த்தது எங்க அப்பா. டிரைவர் உங்க அண்ணன்னு டிப்போல எல்லாருக்கும் தெரியும். அப்பா மூணு வாரமா சாப்பிடாம பழைய ரிஜிஸ்டரையே புரட்டிக்கிட்டு இருக்காரு. தான்தான் எதையோ விட்டுட்டோம்னு அவரே நம்ப ஆரம்பிச்சுட்டாரு." பெண்ணின் குரல் உடையவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "கடைசிப் பக்கம் எப்ப தருவீங்க மேடம்?"

தட்டச்சு செய்த கடைசிப் பக்கம் நாற்காலிமேல் இருந்த கைப்பைக்குள்தான் இருந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. மெக்கானிக் என்று ஒரு ஆள் இருப்பது அவளுக்குத் தெரியும். அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கும் என்று நினைக்கத்தான் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் இல்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் வராததுமாக, "அண்ணி, அண்ணனோட குறட்டை நடுவுல நிக்குமா?" என்றாள்.

"வாம்மான்னு சொல்லக்கூட விடலையே. நிக்குமே. ஏன்?"

"எவ்வளவு நேரம்?"

"யாரு கண்டா? அது நின்னா அப்பாடான்னு இருக்கும். அந்த இடைவெளியிலதான் கூடத்துல படுத்திருக்கிற நானே கண் அசருவேன். அப்புறம் தொண்டையில என்னவோ சிக்கின மாதிரி ஒரு திணறு திணறி மறுபடி ஆரம்பிச்சுடுவாரு." சொல்லிவிட்டு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். மடித்த துணி கையிலேயே நின்றது. "என்னம்மா? எதுக்குக் கேக்குற?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வரும்போதே குரல் முன்னால் வந்தது.

"என் கேஸை நீ காலேஜ்ல நடத்துறியாம்? டிப்போ வாசல்ல ஒருத்தன் கேக்குறான், உன் தங்கச்சி எந்தப் பக்கத்து வக்கீல்னு. அவன் பையன் உன் காலேஜாம்."

"அது பாடம்ணா. பேரெல்லாம் மாத்தித்தான்..."

"என் குறட்டையை மாத்தினியா?"

அவள் உடைத்தே சொல்லிவிட்டாள். இது நோய், மூச்சு நிற்கிறது, அன்றைக்கு நீ தூங்கியதே உனக்குத் தெரிந்திருக்காது, வைத்தியம் உண்டு. பிரேக் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த மெக்கானிக்கின் மகள் என் வகுப்பில் இருக்கிறாள்.

"அப்ப நான் தூங்கிட்டேன்னு நீயே சொல்ற." அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "காப்பாத்துவேன்னு நினைச்சேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா ஆக்கிட்ட. தூங்கினவன் கையில எவன்மா பஸ்ஸைக் குடுப்பான்? நோய்னு சொன்னாலும் போச்சு, தூங்கினேன்னு சொன்னாலும் போச்சு. அந்த மெக்கானிக்குக்கு என்ன, வெளியில பத்து ஒர்க்‌ஷாப் இருக்கு. எனக்கு இதை விட்டா என்ன தெரியும்?"

"அவர் கையெழுத்து சரியா இருந்ததே அண்ணா."

"வீட்டுக்குப் போ" என்றான். கத்தியிருந்தாலாவது தேவலை. அவன் கத்தவில்லை.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நடந்தாள். கல்லூரியில் பிள்ளைகள் கடைசிப் பக்கம் கேட்டார்கள், இன்னும் விசாரணை முடியவில்லை என்று சொன்னாள், அது பொய்யும் இல்லை. மூன்றாம் பெஞ்சுப் பக்கம் நடக்காமல் சுற்றிப் போனாள். ஒருவேளை எதுவும் பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் நினைத்தாள். பேசாமல் இருந்தால் அண்ணனுக்கு வேலை இருக்கும். அடுத்த நேர் ரோட்டில் அடுத்த நான்கு நொடியும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. "சாப்பிட்டுட்டுப் படுத்திருக்காரு. வா. உன் கைக்கடிகாரத்தையும் எடுத்துட்டு வா."

மூன்று மணி வெயில் திரைச்சீலை வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. அண்ணன் மல்லாந்து கிடந்தான். இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணி மடியில் மளிகைச் சாமான் எழுதும் நோட்டு. குறட்டை வழக்கம்போல வீட்டை அதிரவைத்தது. பிறகு நின்றது. மார்பு ஏற முயன்றது, காற்று வரவில்லை. கேஸ் மேடம் நொடி முள்ளைப் பார்த்தாள். பத்து. பதினேழு. இருபத்தாறு. முப்பத்தொன்று. அதன்பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவன்போல ஒரு திணறல், மறுபடி குறட்டை. அண்ணி நோட்டில் ஒரு கோடு போட்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "இதைக் கேட்டுட்டா நான் நிம்மதியாத் தூங்கினேன்" என்று முணுமுணுத்தாள். ஒரு மணி நேரம் கேஸ் மேடம் அசையவே இல்லை. முப்பத்திரண்டு கோடுகள் விழுந்தன.

அண்ணன் கண் விழித்தபோது இருவரும் அப்படியே இருந்தார்கள். கைநீட்டி நோட்டை வாங்கினான். கோடுகளை எண்ணினான். "ஒரு மணி நேரத்துக்கா?" என்று கேட்டான். அண்ணி தலையாட்டினாள். அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் என்ன நினைக்கிறான் என்று வெள்ளிக்கிழமை வரை யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான், அவ்வளவுதான் அண்ணிக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் டிப்போ அலுவலகத்துக்குப் போனாள். நீண்ட தாழ்வாரம், ஒரு மர பெஞ்ச், மூடிய கதவு. கதவுக்கு உள்ளே அண்ணன். பெஞ்சில் ஒல்லியான ஒரு மனிதர் மடியில் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். கேட்காமலே தெரிந்தது. மகளுக்கும் அவருக்கும் ஒரே நெற்றி. அவள் தாழ்வாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர், "உக்காருங்க மேடம். உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுத்துது" என்றார். அவளால் உட்கார முடியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வார்த்தை வரவில்லை. எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது? உள்ளே அவன் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது இருவருக்குமே தெரியாது.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை. நேரே பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றான்.

"உன் பிரேக் நல்லா இருந்தது. எழுதிக் குடுத்துட்டேன்."

மெக்கானிக் ரிஜிஸ்டரை மூடினார். எழுந்தார். நன்றி சொல்லவில்லை. "இதைச் சொல்ல உனக்கு ஒரு மாசம் ஆச்சு" என்றார். அண்ணன் தலை குனிந்தே இருந்தான். உள்ளிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். கதவு மறுபடி மூடியது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அவள்.

"சிகிச்சை எடுத்துக்கச் சொன்னாங்க. வேலையை விட்டு எடுக்கல. டிக்கெட் கணக்குப் பாக்குற இடத்துல போடுவாங்களாம். இனிமே வண்டி கிடையாது."

"சிகிச்சை எடுத்தா திரும்பவும் ஓட்டலாம்ணா. எத்தனையோ பேர் ஓட்டுறாங்க. நான் மனு எழுதுறேன், டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கி..." அவள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வேணாம்மா. குடுத்தாலும் நான் ஏற மாட்டேன்." "இடிச்ச நாளை நினைச்சு எனக்குப் பயம் இல்ல. இருபத்திரண்டு வருஷமா இடிக்காம வீடு வந்தேன் பாரு, அந்த நாளெல்லாம்தான் இப்பப் பயமா இருக்கு. அத்தனை நாளும் என் முதுகுக்குப் பின்னாடி அம்பது பேர் உக்காந்திருந்தாங்க."